பஃபலோ ஆறு வற்றும்போது: மூன்று நாள் படகுப் பயணமும் தூண்டிலும் முகாமும்

ஆர்கன்சா மாநிலத்தின் வடக்கே பாஸ்டன் மலைகளில் பிறந்து, சுண்ணாம்புக்கல் குன்றுகளை அறுத்துக்கொண்டு கிழக்கே ஏறத்தாழ 150 மைல் ஓடி, ஒயிட் ஆற்றில் கலக்கும் பஃபலோ ஆற்றின் குறுக்கே அணை எதுவும் இல்லை. அமெரிக்க இராணுவப் பொறியாளர் பிரிவு அங்கே அணை கட்டத் திட்டமிட்டபோது, பென்டன்வில்லில் மருத்துவராக இருந்த நீல் காம்ப்டனும் அவருடைய தோழர்களும் 1962ஆம் ஆண்டில் ஓசார்க் சங்கத்தைத் தொடங்கி, பத்தாண்டுக் காலம் அதை எதிர்த்து நின்றார்கள். அதன் பயனாக 1972 மார்ச் 1 அன்று இந்த ஆறு அமெரிக்காவின் முதல் தேசிய ஆறாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அணை இல்லாத ஆற்றுக்கு மழையும் ஊற்றுகளுமே கதி. ஆகவே வசந்தகாலத்தில் இரு கரையும் தொட்டுப் பாயும் பஃபலோ, ஜூலை பிறந்ததும் மெலிந்துவிடுகிறது. மடுவுக்கும் மடுவுக்கும் இடையே கணுக்கால் அளவு நீரே கற்களின் மேல் சலசலத்து இறங்குகிறது.

ஆற்றில் தண்ணீர் இல்லை என்று சொல்லி என் நண்பர்கள் பலர் ஜூன் மாதத்தோடு கனூ என்னும் துடுப்புப் படகை மறந்துவிடுகிறார்கள். எனக்கோ ஜூலையும் ஆகஸ்டும்தான் இந்த ஆற்றில் தங்குவதற்கு உகந்த மாதங்கள். கூட்டம் குறைந்திருக்கும், கரையோரக் கூழாங்கல் திட்டுகள் அகன்று, படுப்பதற்கு இடம் தாராளமாகக் கிடைக்கும், பரந்து திரிந்த மீன்களெல்லாம் எஞ்சிய ஆழங்களில் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் நிறைந்த ஆற்றுக்குப் போடும் திட்டத்தை வற்றிய ஆற்றுக்கும் போட்டால் பயணம் வெறும் சுமைதூக்கலாகிவிடும். தூரத்தைப் பாதியாகக் குறைப்பதும் மூட்டையைப் பாதியாகக் குறைப்பதுமே இந்தப் பயணத்தின் அடிப்படை என்பது என் உறுதியான கருத்து. கீழே நான் சொல்லும் மற்ற எல்லாமே அந்த இரண்டிலிருந்து கிளைப்பவைதாம்.

எந்தப் பகுதி, எவ்வளவு தூரம்

பாங்கா என்னும் ஊரிலிருந்து தொடங்கும் மேற்பகுதி மழைக்காலத்துக்கு உரியது. கோடையில் அங்கே படகு இறக்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நடுப்பகுதியில் வூலம் என்னும் இடத்துக்குக் கீழே இன்னொரு சிக்கல் உண்டு. இந்த நிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல் என்பதால், வறண்ட காலத்தில் ஆறு அங்கே தன் படுகைக்கு அடியில் இறங்கி மறைந்து, சில மைல் தள்ளித்தான் மீண்டும் வெளிப்படுகிறது. வரைபடத்தில் நீலக்கோடு தொடர்ச்சியாக இருப்பதை நம்பி அங்கே இறங்கியவர்கள், வெறும் கூழாங்கல் மேல் படகைச் சுமந்து நடக்க வேண்டியிருக்கும்.

கோடைக்கு ஏற்றது கில்பர்ட் என்னும் சிற்றூருக்குக் கீழே உள்ள பகுதியே. கில்பர்ட்டிலிருந்து பஃபலோ பாயின்ட் வரை ஏறத்தாழ 25 மைல். அங்கிருந்து ரஷ் வரை இன்னும் ஏழு எட்டு மைல். ரஷ்ஷுக்குக் கீழே ஒயிட் ஆறு வரையுள்ள ஏறத்தாழ 24 மைல் முழுதும் காட்டுப் பகுதி, இடையில் சாலை வந்து சேரும் துறை கிடையாது. ஆறு நிறைந்திருக்கும்போது ஒரே நாளில் பன்னிரண்டு மைல் போவது எளிது. நீர் குறைந்திருக்கும்போது, வழியில் நின்று நின்று தூண்டில் போடுபவர் மணிக்கு ஒரு மைல்தான் நகர்வார். அதனால் முதன்முறை செல்பவர்கள் கில்பர்ட்டில் இறங்கி மௌமீ துறையில் கரையேறும்படி, ஏறத்தாழ 12 மைலுக்கு இரண்டு இரவும் மூன்று பகலும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். முதல் நாள் நண்பகலில் இறங்கி மூன்று மைல், இரண்டாம் நாள் ஐந்து மைல், மூன்றாம் நாள் மதியத்துக்குள் மீதி என்று பிரித்துக்கொண்டால், நல்ல மடு ஒன்றில் இரண்டு மணி நேரம் நின்றாலும் மனம் பதறாது. நீர் மிகவும் குறைந்துவிட்ட ஆண்டுகளில் அந்தப் பகுதியையும் விட்டுவிட்டு, பஃபலோ பாயின்ட்டிலிருந்து ரஷ் வரை மட்டும் போவது நல்லது. முதல் உலகப் போர்க் காலத்தில் துத்தநாகச் சுரங்கத்தால் செழித்து, பிறகு ஆளற்றுப் போன ஊர் ரஷ். படகை ஏற்றிய பின் அதன் பழைய கட்டடங்களை வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம்.

நீர்மட்டத்தை வீட்டிலிருந்தே அறியலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் செயின்ட் ஜோ அருகில் 65ஆம் நெடுஞ்சாலைப் பாலத்திலும், அதற்குக் கீழே ஹாரியட் அருகிலும் அளவிகள் வைத்து, அளவுகளை இணையத்தில் வெளியிடுகிறது. தேசியப் பூங்காத் துறை அந்த எண்களை மிகக் குறைவு, குறைவு, மிதம் என்று வகைப்படுத்தியும் சொல்கிறது. ஒருநாள் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது; கடந்த பத்து நாள்களின் கோடு இறங்கிக்கொண்டே வருகிறதா, இடையில் திடீரென ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, பூங்காவின் அனுமதி பெற்றுப் படகு வாடகைக்கு விடுபவர்களை அழைத்து, நீங்கள் தேர்ந்த பகுதியில் எத்தனை இடங்களில் இறங்கி இழுக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் காரைக் கீழ்த்துறைக்குக் கொண்டுபோய் நிறுத்தும் வேலையையும் அவர்களே கட்டணத்துக்குச் செய்து தருவார்கள். பென்டன்வில்லிலிருந்து கில்பர்ட் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். கார் கீழ்த்துறையில் காத்திருந்தால் மூன்றாம் நாள் மாலை வீடு திரும்புவது எளிது.

படகும் மூட்டையும்

வற்றிய ஆற்றில் உங்கள் எடையைக் கல் ஒவ்வொன்றும் கேள்வி கேட்கும். படகு ஓர் அங்குலம் கூடுதலாக அமிழ்ந்தால், மிதந்து கடந்திருக்க வேண்டிய இடத்தில் இறங்கி இழுக்க நேரும். இருவர் செல்லும் கனூ 16 அல்லது 17 அடி நீளமும் தட்டையான அடிப்பகுதியும் உடையதாக, பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்கட்டும். அலுமினியப் படகு கல்லில் உரசினால் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும், அதன் ஓசை மடுவின் மறுமுனை வரை மீன்களைக் கலைத்துவிடும். பளுவான பொருள்களைப் படகின் நடுவில் தாழ்வாக வைத்து, முன்னும் பின்னும் சமமாக மிதக்கும்படி பாருங்கள். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் முன்பகுதி கடந்துவிட்ட கல்லில் பின்பகுதி மாட்டிக்கொண்டு, படகு குறுக்கே திரும்பிவிடும்.

மூட்டையில் தவிர்க்க முடியாத பளு குடிநீர். ஜூலை வெயிலில் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வேண்டும். இருவருக்கு மூன்று நாளைக்கு 24 லிட்டர், அதாவது 24 கிலோ. ஆற்று நீரை வடிகட்டிக் குடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் அண்மை ஆண்டுகளில் கோடை நடுவில் இந்த ஆற்றின் நடு, கீழ்ப் பகுதிகளில் பாசி மிகுதியாகப் படர்கிறது. பாசி வகைகளில் சில வெளியிடும் நஞ்சைக் கொதிக்கவைத்தாலும் சாதாரண வடிகட்டியில் வடித்தாலும் நீக்க முடியாது. ஆகவே குடிநீரைச் சுமந்தே செல்லுங்கள். வேறு எதையும் குறைத்துக்கொள்ளலாம். பாதிப் புட்டிகளை வீட்டிலேயே உறையவைத்து எடுத்துப்போனால் தனியாகப் பனிக்கட்டி வாங்க வேண்டாம். உருக உருக அதுவே குடிநீர்.

மற்றவை இவ்வளவு போதும்: இலேசான கூடாரம், தடித்த படுக்கை விரிப்பு, ஒரு போர்வை, எரிவாயு அடுப்பு, ஒரு பாத்திரம், தலைவிளக்கு, முதலுதவிப் பெட்டி, நீர்புகாப் பைகளில் ஒரு மாற்றுத் துணி, படகின் இரு முனைகளிலும் கட்டப் பதினைந்தடிக் கயிறு இரண்டு, ஒரு மாற்றுத் துடுப்பு. மடக்கு நாற்காலியை விட்டுச் செல்லுங்கள். கவிழ்த்து வைத்த படகே நல்ல இருக்கை. கண்ணாடிப் புட்டிகளுக்கும் தெர்மாகோல் குளிர்பெட்டிகளுக்கும் ஆற்றில் அனுமதி இல்லை. குளிர்பெட்டி கவிழ்ந்தாலும் திறக்காதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். குப்பைக்கென்று ஒரு பை படகில் கட்டியிருக்க வேண்டும். காலில் விரல் மூடிய, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் செருப்போ பழைய ஓட்டக் காலணியோ அணியுங்கள். ரப்பர் செருப்பு முதல் இழுப்பிலேயே போய்விடும், வெறுங்கால் பாசிக்கல்லில் வழுக்கும். நீர் முழங்கால் அளவுதானே என்று உயிர்காப்பு உடையைக் கழற்றி மூட்டையில் வைப்பவர்களைப் பார்க்கிறேன். நீர் ஆழமின்றிக் கற்களின் மேல் விரைந்து இறங்கும் ஓட்டத்துக்கு அடுத்த மடு பன்னிரண்டடி ஆழம் இருக்கலாம். 12 வயதும் அதற்குட்பட்டும் உள்ள பிள்ளைகள் படகில் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம்.

தரைதட்டும் இடங்களில்

ஓட்டம் ஒன்றை நெருங்கும்போது துடுப்பை நிறுத்தி, நீரின் மேற்பரப்பைப் படியுங்கள். இரு கற்களுக்கு நடுவே வழவழப்பாகக் குவிந்து இறங்கும் நீரின் கூர்முனை கீழ்த்திசையைக் காட்டினால் அதுவே வழி. கூர்முனை உங்களை நோக்கியிருந்தால், அந்த முனையில் நீருக்குள் ஒரு கல் இருக்கிறது. எங்கே நீர் அதிக ஓசையோடு நுரைக்கிறதோ அங்கே ஆழம் குறைவு. பல ஓட்டங்களில் ஆறு இரண்டு மூன்று கிளையாகப் பிரியும். அகன்ற கிளையை விட, நீர் மிகுதியாகச் சேரும் குறுகிய கிளையில்தான் படகு மிதக்கும்.

ஆனால் அந்தக் குறுகிய கிளைதான் கோடை ஆற்றில் நான் அஞ்சும் இடமும் கூட. அது பெரும்பாலும் வளைவின் வெளிக்கரையை ஒட்டி, சாய்ந்த மரங்களின் வேருக்கும் கிளைக்கும் அடியில் போகும். நீர் கிளைகளினூடே புகுந்துவிடும், படகும் ஆளும் புக முடியாது; ஓட்டத்தின் அழுத்தம் படகை அங்கேயே அழுத்திக் கவிழ்க்கும். அப்படி ஓர் இடம் கண்ணில் பட்டால் மேலேயே இறங்கி, உள்வளைவுக் கரையோரம் படகை நடத்திச் செல்லுங்கள். நடத்தும்போது எப்போதும் படகுக்கு மேல்பக்கம் நில்லுங்கள். கீழ்ப்பக்கம் நின்றால், நீர் நிறைந்த படகு உங்களை ஒரு கல்லோடு சேர்த்து நெரித்துவிடும். படகு கல்லில் குறுக்காக மோதினால் உடலைக் கல்லின் பக்கமாகச் சாய்க்க வேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீர் உடனே உள்ளே ஏறிவிடும். இது இயல்புக்கு எதிரானது என்பதால், ஆழமற்ற இடத்தில் ஒருமுறை வேண்டுமென்றே மோதிப் பழகிக்கொள்வது நல்லது.

வேகமான நீரில் வழுக்கி விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் இரு கற்களுக்கிடையே சிக்கினால் நீர் உடலை முன்னுக்குத் தள்ளி முகத்தை அமிழ்த்தும். மல்லாந்து, கால்களைக் கீழ்த்திசை நோக்கி நீட்டி, ஓட்டம் தணியும் வரை மிதந்து செல்லுங்கள். பாறை முகட்டிலிருந்து மடுவுக்குள் குதிப்பதும் வேண்டாம். சென்ற ஆண்டு ஆழமாக இருந்த இடத்தில் இவ்வாண்டு கூழாங்கல் வந்து நிரம்பியிருக்கும்.

தூண்டில்

இந்த ஆற்றின் பெருமைக்குரிய மீன் ஸ்மால்மவுத் பாஸ். பழுப்புப் பச்சை உடலும் செந்நிறக் கண்ணும் உடைய இது, தூண்டிலில் பட்டதும் நீரை விட்டுத் துள்ளி எழும். கூடவே, ஒயிட் ஆற்றுப் படுகைக்கே உரிய ஓசார்க் பாஸ், நீண்ட காதுமடல் போன்ற செவுள்மூடி உடைய லாங்இயர் சன்ஃபிஷ், பச்சை சன்ஃபிஷ், நம் ஊர்க் கெளுத்தியின் உறவான சேனல் கேட்ஃபிஷ் ஆகியவையும் கிடைக்கும். 16 வயது நிறைந்த எவரும் ஆர்கன்சா வேட்டை, மீன்வள ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இணையத்தில் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். ஸ்மால்மவுத்தை வைத்துக்கொள்ளும் நீளமும் எண்ணிக்கையும் ஆற்றின் பகுதிக்குப் பகுதி மாறுபடுவதால், அந்த ஆண்டின் விதிகளைப் படித்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். ஆற்றில் பெரும்பாலான இடங்களில் கைப்பேசிக்குத் தொடர்பு இருக்காது.

நீர் குறைந்த ஆறு கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். நீங்கள் மீனைப் பார்ப்பதற்கு முன்பே மீன் உங்களைப் பார்த்துவிடும். ஆகவே கருவிகள் மெல்லியதாக இருக்க வேண்டும்: ஆறு அல்லது ஆறரை அடி நீளமுள்ள இலகுவான சுழல்ராட்டைத் தடி, 6 பவுண்டு தாங்கும் நிறமற்ற நரம்பு, சிறிய முள். இந்த மீனின் முதன்மை இரை, கிரேஃபிஷ் எனப்படும் சிங்கி இறாலைப் போன்ற சிறு ஆற்று உயிரி. அது கற்களுக்கடியில் வாழ்ந்து, அஞ்சினால் பின்புறமாகப் பாயும். அதன் சாயலில் மூன்றங்குலம் நீளமுள்ள பழுப்பு அல்லது பச்சைநிற மென்பிளாஸ்டிக் இரையை ஓர் இலேசான ஈயத்தலை முள்ளில் கோத்துக்கொண்டால் மூன்று நாளைக்கும் அதுவே போதும். விடியற்காலையிலும் அந்தி மயங்கும் வேளையிலும் மட்டும் நீரின் மேல் மிதந்து சலனம் எழுப்பும் சிறு செயற்கை இரையைக் கட்டுங்கள்.

மீன் எங்கே நிற்கும் என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் ஏறஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஓட்டம் கற்களில் மோதிக் காற்றைக் கலந்துகொண்டு மடுவில் விழும் இடத்தில், அதாவது மடுவின் தலைப்பகுதியில், அது சற்றுக் கூடுதலாக இருக்கும். அங்கே நீர் மூன்று நான்கு அடி ஆழம் இருந்து, அடியில் பெருங்கற்களும் கிடந்தால், கோடையின் நல்ல மீன் அந்தக் கல்லின் பின்னால்தான் இருக்கும். நண்பகலில் மீன்கள் செங்குத்துப் பாறையின் நிழல் விழும் ஆழத்துக்கு ஒதுங்கும். மடுவின் அகன்ற, வெயில் படிந்த, அசைவற்ற நடுப்பகுதியில் ஸ்மால்மவுத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இங்கேதான் படகில் செல்பவர்கள் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள். நானும் முதல் இரண்டு கோடைகள் அதையே செய்தேன். ஓட்டத்தில் படகோடு இறங்கி, மடுவின் தலைப்பகுதியின் மேலேயே மிதந்து கடந்து, பிறகு திரும்பிப் பார்த்துத் தூண்டிலை வீசினேன். படகின் நிழல் பட்ட கணமே அந்த மீன்கள் ஆழத்துக்குப் போயிருந்தன. ஓட்டத்துக்கு மேலேயே படகைத் திட்டில் ஏற்றி நிறுத்துங்கள். கரைவழியே சுற்றி நடந்து மடுவின் கீழே போய், இடுப்பளவு நீரில் மெதுவாக மேல்நோக்கி வாருங்கள். மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆகவே நீங்கள் அதன் முதுகுப்புறமாக நெருங்குகிறீர்கள். இரையை ஓட்டத்தின் மேல்பகுதியில் வீசி, நீரோட்டம் தானாக உருட்டிக்கொண்டு வரும்படி விடுங்கள். நரம்பில் தொய்வு விழாமல் மட்டும் ராட்டையைச் சுற்றுங்கள். தடியின் நுனி தட்டினாலோ, உருண்டு வந்த இரை காரணமின்றி நின்றாலோ, நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே சுண்டி இழுங்கள். ஒரே இடத்தில் பத்து முறை வீசியும் ஏதும் இல்லையென்றால் நான்கடி மேலே நகருங்கள். இவ்வாறு ஒரு நல்ல மடுவின் தலைப்பகுதிக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். நாளொன்றுக்கு நான்கைந்து மைலுக்கு மேல் திட்டமிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பிடித்த ஸ்மால்மவுத்தை விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஓசார்க் ஓடைகளில் அது பன்னிரண்டு அங்குலம் வளர நான்கைந்து ஆண்டுகள் ஆகிறது. வற்றிய ஆற்றில் ஒரு மடுவின் பெரிய மீன்களெல்லாம் ஒரே இடத்தில் கூடியிருப்பதால், ஒருவர் ஒரு காலைப் பொழுதில் அந்த மடுவையே வெறுமையாக்கிவிட முடியும். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் கழற்றுவது எளிது. கையை நனைத்துக்கொண்டு, மீன் நீரிலேயே இருக்க, கீழ்த்தாடையைப் பிடித்து முள்ளை எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் போராடிய மீன் களைத்திருக்கும். தலை ஓட்டத்தை நோக்கியிருக்கும்படி அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை தாங்கிக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்காக மூச்சு முட்டும் வரை வெளியே வைத்திருப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

உண்பதற்குச் சன்ஃபிஷும் கேட்ஃபிஷும் இருக்கின்றன. பிள்ளைகள் உடன் வந்தால் சன்ஃபிஷ்தான் அவர்களுக்கு உரிய மீன். சிறு முள்ளில் மண்புழுத் துண்டு, அதற்கு இரண்டடி மேலே ஒரு தக்கை, நடுவில் ஒரு சிறு ஈயக்குண்டு: ஆற்றங்கரையில் வளர்ந்த எவருக்கும் பழகிய அமைப்பே இது. நிழல் விழும் கரையோரக் கல் அருகே போட்டால் தக்கை நெடுநேரம் சும்மா இருக்காது. லாங்இயர் மீனின் ஆரஞ்சு வயிற்றையும் நீலப் புள்ளிகளையும் பார்த்த பிள்ளை அதை விட்டுவிடத்தான் கேட்கும். கேட்ஃபிஷ் இரவில் மேயும். பொழுது சாய்ந்த பிறகு முகாமுக்கு முன்னாலுள்ள ஆழத்தில், கோழி ஈரலைக் கோத்துக் கனமான ஈயத்தோடு அடியில் கிடக்கவிடுங்கள். கெளுத்தியைப் போலவே அதன் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் கூரிய முட்கள் உண்டு. பிடிக்கும்போது முட்களுக்குப் பின்னால் விரல்களை வைத்துப் பிடிக்க வேண்டும்.

திட்டில் இரவு

மாலை நான்கு மணிக்குத் திட்டைத் தேடத் தொடங்குங்கள். இந்த ஆற்றில் கூழாங்கல் திட்டுகளில் தங்குவதற்கு முன்பதிவோ கட்டணமோ இல்லை. படகுத்துறைகளுக்கும் அமைக்கப்பட்ட முகாம்களுக்கும் அருகில் மட்டும் தங்கக்கூடாது. மேற்கே பாறையோ உயர்ந்த மரங்களோ இருக்கும் திட்டை நான் விரும்புவேன். காலை நிழலுக்காகக் கிழக்கில் பாறை வேண்டும் என்பார்கள் பலர். ஆனால் நாள் முழுதும் வெந்த கூழாங்கல் ஐந்து மணிக்கே ஆறத் தொடங்கினால்தான் இரவில் உறக்கம் வரும் என்பது என் அனுபவம்.

நிழலை விட முதன்மையானது உயரம். வற்றிய ஆறு ஒரே இரவில் ஏறக்கூடும் என்பதைப் புதியவர்கள் நம்புவதில்லை. செங்குத்தான மலைகளும் மெல்லிய மண்ணும் உள்ள நிலம் இது. முப்பது மைல் மேலே பெய்த இடிமழை, உங்கள் தலைக்கு மேல் விண்மீன்கள் தெளிவாக இருக்கும்போதே பல அடி உயரத்துக்கு ஆற்றைக் கொண்டுவரும். திட்டிலுள்ள வில்லோச் செடிகளில் காய்ந்த சருகும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள்; வெள்ளம் எதுவரை வந்தது என்பதை அவை காட்டும். திட்டின் பின்புறத்தையும் நடந்து பார்க்க மறக்காதீர்கள். பல திட்டுகளுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே ஒரு பழைய வாய்க்கால் காய்ந்து கிடக்கும். ஆறு ஏறும்போது முதலில் நிரம்புவது அதுதான். அது நிரம்பிவிட்டால் நீங்கள் இருப்பது தீவு. பின்புறம் தடையின்றி மேட்டுக்கு ஏறும் வழி உள்ள திட்டில் மட்டுமே கூடாரம் அடியுங்கள். படுக்கப்போகும் முன் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, இரவில் எழும்போதெல்லாம் அதை விளக்கடித்துப் பாருங்கள். படகைத் திட்டின் உச்சிக்கு இழுத்து, கவிழ்த்து, துடுப்புகளோடு சேர்த்து ஒரு மரத்தில் கட்டுங்கள்.

கூழாங்கல்லில் கூடாரமுளை நிற்காது. தானே நிற்கும் கூடாரத்தின் நான்கு மூலைக் கயிறுகளையும் தலையளவு கற்களில் சுற்றி, அவற்றின் மேல் இன்னும் கற்களை அடுக்குங்கள். திட்டின் நடுவில் உண்ணியும் சிக்கர் பூச்சியும் அரிது. கரைப் புல்லுக்குள் போய்வந்தவர்கள் உடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மும்மூன்று இலையாகப் படரும் பாய்சன் ஐவி தோலில் கொப்புளம் எழுப்பும். காப்பர்ஹெட், காட்டன்மவுத் என்னும் குழிவிரியன்கள் கரையோரக் கட்டைகளில் கிடக்கும். இருட்டில் விறகு பொறுக்காதீர்கள், பார்க்காமல் கல்லைத் தூக்காதீர்கள். தீ மூட்டுவதானால் வறட்சித் தடை உண்டா என்று புறப்படும் முன்பே அறிந்து, தானாக விழுந்து காய்ந்த விறகை மட்டும் கூழாங்கல்லின் மேலேயே எரித்து, நீர் ஊற்றி முற்றிலும் அணையுங்கள். காலைக்கடனுக்கு ஆற்றிலிருந்து இருநூறு அடி உள்ளே சென்று ஆறங்குலம் குழி தோண்டி மூடவும். திட்டிலேயே கழிக்க நேருமானால் கையோடு எடுத்துச்செல்லும் பையைப் பயன்படுத்தி, வெளியே கொண்டு வாருங்கள்.

உணவுக்கு நம் கட்டுச்சோற்றை மிஞ்சியது எதுவும் இல்லை. முதல் நாள் இரவுக்குப் புளியோதரை. நல்லெண்ணெயும் புளியும் சேர்ந்திருப்பதால் வெயிலையும் தாங்கும். இரண்டாம் நாள் காலைக்கு வீட்டிலேயே தாளித்து வறுத்து எடுத்துவந்த ரவையைக் கொதிநீரில் கொட்டினால் உப்புமா. கிடைக்கும் மீனுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு கலந்த ஒரு சிறு டப்பாவும் சிறிது எண்ணெயும் வைத்துக்கொண்டால் போதும். மீன் கிடைக்காத இரவுக்கும் ஒரு வேளைச் சோறு கணக்கில் இருக்கட்டும். உண்டு முடித்ததும் எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் வைத்து வாரால் இறுக்கிக் கட்டுங்கள். ரக்கூன் மூடியைத் திறக்கவல்லது. விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் விழித்திருங்கள். இந்தப் பூங்கா 2019ஆம் ஆண்டில் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. நகரத்தில் வளரும் நம் பிள்ளைகள் பால்வீதியைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று.

விடியலில் ஆற்றின் மேல் மூடுபனி படர்ந்திருக்கும்போதே எழுந்து, கூடாரத்தைப் பிரிக்கும் முன் ஒரு மணி நேரம் தூண்டில் போடுங்கள். நாளின் மிகச்சிறந்த மீன் பெரும்பாலும் அந்த ஒரு மணியில்தான் வரும். பத்து மணிக்கு மேல் மெதுவாக நகர்ந்து, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பாறை நிழலில் படகை நிறுத்தி ஓய்வெடுங்கள். தலைவலியும் குமட்டலும் வெப்பம் ஏறிவிட்டதற்கு அடையாளம். உடனே நிழலில் அமர்த்தி, ஆற்று நீரில் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுக்க வேண்டும். எந்த நாளில் எந்தத் துறையில் கரையேறுவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள் அல்லவா, தொடர்பு கிடைத்ததும் முதலில் அவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் படகையும் காலணியையும் கழுவி வெயிலில் நன்றாக உலர்த்தி வையுங்கள். ஓர் ஆற்றின் பாசியும் சிற்றுயிர்களும் இன்னோர் ஆற்றுக்குப் பரவக்கூடாது. பிறகு ஒரு நோட்டில், நீங்கள் இறங்கிய நாளில் செயின்ட் ஜோ அளவியில் இருந்த எண்ணையும், எத்தனை இடங்களில் படகை இழுத்தீர்கள் என்பதையும், எந்த மடுவின் தலைப்பகுதியில் மீன் இருந்தது என்பதையும், எந்தத் திட்டில் மாலை நிழல் முதலில் விழுந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடைய நோட்டில் இப்போது ஆறு கோடைகள் இருக்கின்றன. அடுத்த ஜூலையில் அளவியைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் திறப்பேன்.